மேகத்துக்கு வட்டிக் கணக்கு

வானிலை ஆபீஸைத் திட்டாத தமிழ்க் குடும்பம் உண்டா? "மழை வரும்னு ரேடியோவில சொல்லிட்டான், குடையை வீட்டிலேயே வச்சிட்டுப் போ" என்கிற ஜோக்கை என் தாத்தா காலத்திலிருந்து கேட்டு வருகிறேன். நானும் நிறைய பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். புனேவுக்கு மாற்றலாகி வந்த பிறகு அதைச் சொல்வது குறைந்து, இப்போது நின்றே போய்விட்டது.

காரணம், எங்கள் குடியிருப்பில் இரண்டு மாடி கீழே இருக்கும் ஒரு தம்பி. திருச்செந்தூர்ப் பக்கத்துப் பையன். வானிலை மாடல்களுக்கான மென்பொருளில் வேலை. நான் தூத்துக்குடி என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு "அக்கா" ஆகிவிட்டான். போன வருஷம் அவன் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். ஒரு சாயங்காலம் என்னிடம் மெல்லக் கேட்டார்: "ஏம்மா, நீங்க பேங்க்ல இருக்கீங்க, விவரம் தெரிஞ்சவங்க. இவன் என்ன வேலை பாக்கான்னு எனக்கு விளங்குற மாதிரி சொல்லுங்களேன். கேட்டா கதிர்வீச்சுங்கான். கூடங்குளத்துல கிடைக்காத வேலையா இங்க வந்து பாக்கான்?"

அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். முன்னெச்சரிக்கை: நான் படித்தது பி.காம். இயற்பியலைப் பத்தாம் வகுப்போடு விட்டவள். அதனால் எனக்குத் தெரிந்த லெட்ஜர் பாஷையில்தான் சொல்ல வரும். பதிவு நீளம், காபியோடு உட்காருங்கள்.

வரவும் செலவும்

இந்தக் கதிர்வீச்சு அணு உலை சமாச்சாரம் இல்லை, செல்போன் டவரும் இல்லை. சூரியனிலிருந்து வரும் வெளிச்சமும், பூமி திருப்பி விடும் வெப்பமும்தான். பூமியின் கணக்குப் புத்தகத்தில் வரவு என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு, சூரியன். காற்று மண்டலத்தின் உச்சியில், சூரியனுக்கு நேர் எதிரே, ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1361 வாட். இரவு பகல், துருவம் நடுக்கோடு எல்லாம் சேர்த்து உருண்டை முழுக்கப் பங்கிட்டால் சராசரி 340 வாட். அதில் ஏறக்குறைய 100 மேகத்திலும் பனியிலும் பட்டு அப்படியே திரும்பிப் போய்விடுகிறது. மீதி 240-ஐ பூமி வாங்கி வைத்து, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக விண்வெளிக்குத் திருப்பிக் கட்டுகிறது.

இப்போது அந்தக் கணக்கு டேலி ஆவதில்லை. சதுர மீட்டருக்குச் சுமார் 1 வாட் உள்ளேயே தங்கிவிடுகிறது. புவி வெப்பமாவது என்று நாம் பேசுவதெல்லாம் அந்த ஒரு வாட் நிலுவையைத்தான். 340-ல் 1! எங்கள் பாஷையில் சொன்னால் 340 ரூபாய்க்கு ஒரு ரூபாய் வித்தியாசம். அதைத் தேட வேண்டுமென்றால் கணக்குப் போடுகிற முறை எவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

தினசரி வானிலைக்கும் இதுதான் ஆதாரம். காலையில் தரை சூடாவது, கடல்காற்று கிளம்புவது, மேகத்தின் உச்சி குளிர்வது, பனி மூட்டம் கலைவது எல்லாவற்றுக்கும் பணம் போடும் இடம் இந்தக் கதிர்வீச்சுக் கணக்கு. வானிலை மாடல் என்பது ஒரு வங்கி என்றால், இது அதன் வட்டி கணக்கிடும் பிரிவு.

லட்சம் வவுச்சர்

சரி, வரவு செலவுதானே, கூட்டிக் கழித்தால் ஆகிவிடாதா? அங்கேதான் சிக்கல்.

நீராவி, கரியமில வாயு, ஓசோன் ஒவ்வொன்றும் எல்லா அலைநீளத்தையும் ஒரே மாதிரி விழுங்குவதில்லை. மெல்லிய மெல்லிய கோடுகளாக, இந்த அலைநீளத்தை விழுங்குவேன், பக்கத்திலிருப்பதை விட்டுவிடுவேன் என்று அடம் பிடிக்கும். அப்படிப்பட்ட கோடுகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஆய்வகத்தில் அளந்து பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கோடாக எடுத்துக் கணக்குப் போடும் முறையும் இருக்கிறது. அதுதான் அசல் கணக்கு. ஆனால் உலகம் முழுக்கத் தினமும் அப்படிப் போட எந்த சூப்பர் கம்ப்யூட்டருக்கும் கட்டுப்படியாகாது.

அதனால் ஒரு குறுக்கு வழி. ஒரு கிளையில் பத்தாயிரம் கணக்கு இருக்கிறது. மொத்தம் எவ்வளவு வட்டி வரும் என்று உத்தேசமாகத் தெரிய வேண்டும். கணக்கு எண் வரிசையில் பார்த்தால் இருப்பு ஏறி இறங்கிக் கன்னாபின்னாவென்று இருக்கும். இருப்பின் அளவுப்படி சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கிவிட்டால்? ஒழுங்கான ஏற்றம் கிடைக்கும். அதைப் பதினாறு படிகளாகப் பிரித்து, படிக்கு ஒரு கணக்கை எடுத்து வட்டி போட்டு, அந்தப் படியில் எத்தனை பேர் என்பதால் பெருக்கினால் போதும். விடை கிட்டத்தட்ட சரியாக வரும்.

கதிர்வீச்சிலும் இதையேதான் செய்கிறார்கள். கோடுகளை அலைநீள வரிசையில் வைக்காமல், விழுங்கும் பலத்தின் வரிசையில் அடுக்கிவிட்டு, சில நூறு புள்ளிகளில் மட்டும் கணக்குப் போடுவது. தரைக்கருகே போட்ட வரிசை பத்து கிலோமீட்டர் உயரத்திலும் பெரும்பாலும் மாறாது என்பது இதன் அடியிலுள்ள நம்பிக்கை. இந்த முறையில் எழுதப்பட்ட ஆர்.ஆர்.டி.எம். என்ற மென்பொருள் 1997-ல் வெளியானது. அதன் வேகமான வடிவம்தான் ஆர்.ஆர்.டி.எம்.ஜி. ஐரோப்பிய வானிலை மையம், அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ். மாடல், உலகம் முழுக்க மாணவர்கள் பயன்படுத்தும் டபிள்யூ.ஆர்.எஃப். மாடல் என்று எங்கும் பரவியது. பூமியின் வெப்பக் கதிருக்கு 140 புள்ளி, சூரிய ஒளிக்கு 112 புள்ளி. லட்சம் வவுச்சர் இருந்த இடத்தில் 252. சாதாரண சாமர்த்தியமா!

பத்தாம் தேதி விதி

இந்த இடத்தில் வங்கிக்குள் ஒரு நடை போய்விட்டு வருவோம்.

நான் 2004-ல் வேலைக்குச் சேர்ந்தபோது சேமிப்புக் கணக்குக்கு வட்டி 3.5 சதவீதம். ஆனால் எதன் மேல் என்பதுதான் கேள்வி. மாதத்தில் பத்தாம் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் நடுவில் கணக்கில் எது மிகக் குறைவான இருப்போ, அதன் மேல்தான் அந்த மாதத்துக்கு வட்டி. பதினோராம் தேதி பணம் போட்டால் அந்த மாதத்துக்கு அது இல்லாத பணம்.

என் அம்மாவுக்கு ஊரில் ஒரு கணக்கு. நான் சம்பளத்தில் அனுப்பும் 5,000 ரூபாய் பன்னிரண்டாம் தேதி வாக்கில் போய்ச் சேரும். மளிகைக்கும் வாடகைக்கும் அடுத்த மாதம் முதல் வாரத்தில் எடுத்துவிடுவார். இருபது நாளுக்கு மேல் வங்கியில் கிடந்த பணத்துக்கு வட்டி சுழி. "அங்க சும்மா கிடக்கதுக்கு இங்க அரிசிப் பானையில கிடக்கட்டுமே" என்பார் அம்மா. என்னால் மறுத்துப் பேச முடியாது, அதுதான் விதி.

ஏன் அப்படி ஒரு விதி? வங்கிகளின் கஞ்சத்தனம் என்று சொல்லிவிடலாம். ஆனால் விதி பிறந்தது கையால் லெட்ஜர் எழுதிய காலத்தில். ஒவ்வொரு கணக்குக்கும் ஒவ்வொரு நாளும் இருப்பைப் பெருக்கி எழுத வேண்டுமென்றால் ஒரு கிளைக்கு நூறு குமாஸ்தா போதாது. மாதத்துக்கு ஒரு எண் என்றால் முடியும். கணக்குப் போட முடியாததால் வந்த விதி அது. நாளடைவில் எல்லோரும் அதை நியாயமான விதி என்றே எடுத்துக்கொண்டோம். பயிற்சியில் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் கூட அதற்கு ஒரு தத்துவ விளக்கம் வைத்திருந்தார்!

பிறகு கோர் பேங்கிங் வந்தது. கிளைகள் எல்லாம் ஒரே கணினியில் இணைந்தன. 2009-ல் ரிசர்வ் வங்கி அறிவித்தது: 2010 ஏப்ரல் 1 முதல் தினசரி இருப்பின் மேல் வட்டி போட வேண்டும். அன்றிலிருந்து அம்மாவின் 5,000-க்கு இருபது நாள் வட்டி, ஏறக்குறைய 9 ரூபாய் 60 காசு. சின்னத் தொகைதான். ஆனால் இத்தனை காலம் அது அவருக்குச் சேர வேண்டிய தொகை என்பதும், கணக்கிட வழியில்லாமல் போன தொகை என்பதும் அன்றைக்குத்தான் உறைத்தது.

நவீனமயம் என்றால் பழைய வேலையையே சீக்கிரம் முடிப்பது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது பாதிதான். மிச்சமான நேரத்தில் முன்பு போடாமல் விட்ட கணக்கைப் போடுவதுதான் மீதிப் பாதி.

மூன்று மணிக்கு ஒரு முறை

இதைச் சொன்னதும் தம்பி குதித்தே விட்டான். "அக்கா, எங்ககிட்டயும் பத்தாம் தேதி விதி இருக்கு!"

விஷயம் இதுதான். வானிலை மாடல் சில நிமிடத்துக்கு ஒரு முறை காற்று, ஈரம், மேகம் எல்லாவற்றையும் புதுப்பித்துக்கொண்டே போகும். ஆனால் கதிர்வீச்சுக் கணக்கு அதிக நேரம் தின்னும் என்பதால் அதை ஒவ்வொரு படியிலும் கூப்பிடுவதில்லை. ஐரோப்பிய மையத்திலேயே பிரதான முன்னறிவிப்பில் ஒரு மணிக்கு ஒரு முறை, பல மாதிரிகளை ஒன்றாக ஓட்டும் முன்னறிவிப்பில் மூன்று மணிக்கு ஒரு முறை என்று வைத்திருந்தார்கள். நடுவில் சூரியன் ஏறி இறங்கும் கோணத்தை மட்டும் திருத்திக்கொள்வார்கள். மேகம் மட்டும் பழைய மேகம். ஒன்பது மணிக்கு இருந்த மேகம் பத்து மணிக்குக் கலைந்தே போயிருந்தாலும், கணக்கில் பன்னிரண்டு வரை நிழல் விழுந்துகொண்டிருக்கும்.

நேரத்தில் மட்டுமல்ல, இடத்திலும் சிக்கனம். மற்றதற்கெல்லாம் நெருக்கமான கட்டம், கதிர்வீச்சுக்கு மட்டும் அகலமான கட்டம். இதனால் அடி வாங்குவது யார் தெரியுமா? கடற்கரைக்காரர்கள். அகலமான கட்டத்தில் நிலமும் கடலும் கலந்துவிடும். தகிக்கிற நிலத்துக்குக் குளிர்ந்த கடலின் கணக்கில் ஒரு பங்கு வந்து சேரும். கரையோர ஊர்களின் வெப்பநிலை தவறும். ஐரோப்பிய மையத்தில் இதைக் கண்டுபிடித்து, 2016-ல் ஒரு திருத்த முறையைச் சேர்த்தார்கள்.

இதையும் நான் அம்மா பாஸ்புக்கோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன். கணக்குச் சிக்கனத்தின் செலவு எல்லோர் மேலும் சமமாக விழுவதில்லை. பெரிய நிலப்பரப்பின் நடுவில் இருப்பவனுக்குப் பாதகமில்லை. ஓரத்தில் இருப்பவன்தான் கட்டுகிறான்.

பழைய புரோகிராமில் என்ன கோளாறு?

கணினி வேகமாகிக்கொண்டேதான் போகிறது, அப்படியே பெரிய கணினியில் ஏற்றிவிட்டால் ஆகாதா என்று கேட்டேன். ஆகாதாம்.

முதல் காரணம், கணினியின் சுபாவமே மாறிவிட்டது. அந்தக் காலத்துக் கணினி ஒரு கெட்டிக்காரக் குமாஸ்தா மாதிரி. ஒரு பாஸ்புக்கை எடுத்தால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை முடித்துவிட்டு அடுத்ததை எடுப்பார். பழைய கதிர்வீச்சு மென்பொருளும் அப்படித்தான். ஓர் இடத்துக்கு மேலே நிற்கும் காற்றுத் தூணை எடுத்து, மேலிருந்து கீழ் வரை முடித்துவிட்டு அடுத்த தூணுக்குப் போகும். இன்றைய சூப்பர் கம்ப்யூட்டர்களில் பலவற்றின் பலம் ஜி.பி.யு. என்ற சில்லுகளில் இருக்கிறது. அதில் ஆயிரக்கணக்கான குட்டிக் குமாஸ்தாக்கள். எல்லோரும் ஒரே சமயத்தில் ஒரே மாதிரி வேலை செய்தால்தான் லாபம். அதாவது, நம் டே-எண்ட் பேட்ச் மாதிரி: எல்லாக் கணக்குக்கும் முதல் படி, பிறகு எல்லாக் கணக்குக்கும் இரண்டாம் படி. ஒரு பாஸ்புக், பிறகு அடுத்த பாஸ்புக் என்று எழுதிய புரோகிராமை இங்கே ஏற்றினால் ஒருவர் எழுத மற்றவர்கள் டீ குடிப்பார்கள்.

இரண்டாவது காரணம் எனக்கு உடனே புரிந்தது. பழைய மென்பொருளில் அந்த விழுங்கும் பலத்தின் எண்களையெல்லாம் புரோகிராமுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தார்கள், பக்கம் பக்கமாக, ஆயிரக்கணக்கான வரிகள். ஒவ்வொரு அலைநீளப் பட்டைக்கும் தனித்தனிச் செயலி வேறு. ஆய்வகத்தில் புது அளவீடு வந்தால் புரோகிராமையே திறந்து வெட்டி ஒட்ட வேண்டும். கோர் பேங்கிங் வருமுன் நான் பார்த்த கிளை மென்பொருளிலும் வட்டி விகிதம் புரோகிராமுக்குள்ளேயே புதைந்து கிடந்தது. விகிதம் மாறினால் ஆள் வந்து மாற்றித் தர வேண்டும். இப்போது வட்டி விகிதம் என்பது மாஸ்டரில் ஒரு வரி. மாற்றினால் முடிந்தது.

ராபர்ட் பின்கஸ், எலி ம்லாவர், ஜெனிஃபர் டெலமெர் மூவரும் 2019-ல் வெளியிட்ட கட்டுரை ஒன்று இந்தப் புது வீட்டின் வரைபடம். பழைய மென்பொருளின் வாரிசை இரண்டாகப் பிரித்தார்கள். வாயுக்கள் எவ்வளவு விழுங்கும் என்று சொல்வது ஒரு பகுதி, அதற்குப் பெயர் ஆர்.ஆர்.டி.எம்.ஜி.பி. கடைசி 'பி' பேரலல் என்பதற்காக. அந்தத் தகவலை வைத்துக் கதிர் மேலும் கீழும் எப்படிப் போகும் என்று தீர்ப்பது இன்னொரு பகுதி, ஆர்.டி.ஈ. எண்கள் எல்லாம் தனிக் கோப்புக்குப் போயின, நம் மாஸ்டர் மாதிரியே. கனமான கூட்டல் பெருக்கல் வேலைகளைச் சின்னச் சின்னத் துண்டுகளாகத் தனியே வைத்தார்கள். ஜி.பி.யு. வந்தால் அந்தத் துண்டுகளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், மேலே இருக்கும் ஏற்பாடு மாறாது. முழுவதையும் ஃபோர்ட்ரானில்தான் எழுதினார்கள், 1957-ல் பிறந்த அதே ஃபோர்ட்ரான், புதிய இலக்கணத்தோடு. வேறு குழுக்கள் அதே வரைபடத்தை வைத்து சி++, ஜூலியா மொழிகளிலும் கட்டிக்கொண்டார்கள்.

அமெரிக்க எரிசக்தித் துறையின் ஸ்க்ரீம் என்ற மாடல் அந்த சி++ வடிவத்தைப் பயன்படுத்துகிறது. ஃப்ரண்டியர் கணினியில் 3 கிலோமீட்டர் சொச்சக் கட்டத்தோடு உலகம் முழுவதையும் ஓட்டி, ஒரு நாளில் ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட தட்பவெப்பத்தைக் கணக்கிட்டது. 2023-ல் தட்பவெப்ப மாடலுக்கான முதல் கோர்டன் பெல் பரிசும் வாங்கியது.

ஐரோப்பிய மையத்தில் ராபின் ஹோகனும் அலெசியோ பொட்சோவும் வேறு வழியில் எக்ராட் என்ற மென்பொருளை எழுதினார்கள். 2017-ல் தினசரி உபயோகத்துக்கு வந்தது. முந்தையதை விட 41 சதவீதம் வேகம். அதைப் பற்றிய 2018 கட்டுரையில் எனக்குப் பிடித்த விஷயம், அந்த வேகத்தை என்ன செய்யலாம் என்று சொன்ன விதம்: கதிர்வீச்சுக் கணக்கை இன்னும் அடிக்கடி கூப்பிடலாம், அதனால் முன்னறிவிப்பே மேம்படலாம் என்று எழுதியிருந்தார்கள். தினசரி இருப்பின் மேல் வட்டி!

டேலி ஆகாவிட்டால்?

கோர் பேங்கிங் மாறிய நாட்களை அனுபவித்தவர்களுக்கு 'பேரலல் ரன்' என்றாலே வயிற்றைக் கலக்கும். பழைய மென்பொருளும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் ஓட, இரவு பதினொரு மணிக்கு ட்ரயல் பேலன்ஸ் வைத்து ஒப்பிட வேண்டும். பைசா வித்தியாசம் இருந்தாலும் வீட்டுக்குப் போக முடியாது.

"உங்களுக்கும் பேரலல் ரன் உண்டா? பழசோட ஒத்துப்போகலைன்னா என்னப்பா செய்வே?" என்று கேட்டேன்.

"ரெண்டு வகை உண்டுக்கா. வேகம் மட்டும் கூட்டுறோம், கணக்கு முறை மாத்தலைன்னா பழசோட ஒத்துப்போகணும். முறையையே மாத்துறோம்னா பழசோட ஏன் ஒத்துப்போகணும்? கோடு கோடா போட்ட அசல் கணக்கோடல்ல ஒத்துப்போகணும்!"

எனக்கு இது புது வெளிச்சம். நாங்கள் பழைய ட்ரயல் பேலன்ஸையே வேதமாக வைத்து ஒப்பிட்டோம். பழைய மென்பொருள் தவறாகப் போட்டிருந்தால் புதியதும் அதையே போட்டால்தான் 'பாஸ்'. இவர்களோ, உலகத்தின் விதவிதமான காற்றுத் தூண்களுக்குப் பிரதிநிதியாக 100 தூண்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றுக்குக் கோடு கோடாக அசல் கணக்கைப் போட்டு வைத்திருக்கிறார்கள். தணிக்கையில் சாம்பிள் எடுப்பது போல. எந்தப் புது மென்பொருளும் அந்த நூறில் தேற வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. ஜி.பி.யு.வில் ஒரே எண்களைக் கூட்டினாலும் கூட்டும் வரிசை மாறினால் கடைசி இலக்கம் மாறும். கணினி ஒவ்வொரு கூட்டலிலும் வால் இலக்கங்களை வெட்டுவதுதான் காரணம். வங்கியில் இதற்கு விசாரணைக் கமிஷன் வைத்துவிடுவோம். இவர்கள் கவலைப்படுவதில்லை. வாங்கிப் போட்ட ஈரப்பத அளவே இரண்டு மூன்று இலக்கம்தான் நம்பகம், பதினாறாவது இலக்கத்துக்கு ஏன் அழ வேண்டும் என்கிறார்கள். ஐரோப்பிய மையம் 2021-ல் தன் முன்னறிவிப்பு மாடலை ஏறக்குறைய பதினாறு இலக்கத் துல்லியத்திலிருந்து ஏழு இலக்கத்துக்கு இறக்கியது. இடறும் இடங்களை மட்டும் பழைய துல்லியத்தில் விட்டார்கள். மிச்சமான நேரத்தை என்ன செய்தார்கள்? மாதிரிகளை ஒன்றாக ஓட்டும் முன்னறிவிப்பில் காற்று மண்டலத்தை 91 அடுக்குக்குப் பதில் 137 அடுக்காகப் பிரித்தார்கள். தேவையில்லாத இலக்கத்தில் மிச்சம் பிடித்துத் தேவையான அடுக்கில் செலவழித்தார்கள். நல்ல குடும்பம் நடத்துகிற ஒருத்தி செய்வதும் இதைத்தானே!

நம் ஊர்க் கணக்கு

இந்தியாவுக்கு வருவோம். 2018 ஜனவரியில் புனேயின் வெப்ப மண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தில் பிரத்யுஷ், நொய்டாவில் மிஹிர் என்று இரண்டு சூப்பர் கம்ப்யூட்டர்கள் வந்தன. 2024 செப்டம்பரில் அதே இடங்களில் அர்கா, அருணிகா. 2025 மே மாதம் 6 கிலோமீட்டர் கட்டமுள்ள பாரத் முன்னறிவிப்பு முறை அறிமுகமானது. அதற்கு முன் 12 கிலோமீட்டர்.

12-ஐ 6 ஆக்கினால் கணக்கு இரண்டு மடங்கு என்று நினைக்காதீர்கள். நீளத்தில் இரண்டு, அகலத்தில் இரண்டு, ஆக நான்கு மடங்கு தூண்கள். பூமியின் பரப்பு 51 கோடி சதுர கிலோமீட்டர். 12 கிலோமீட்டர் கட்டத்தில் சுமார் 35 லட்சம் தூண், 6 கிலோமீட்டரில் சுமார் 1.4 கோடி தூண். ஒரு பேச்சுக்கு, தூணுக்கு 100 அடுக்கு, அடுக்குக்கு 256 புள்ளி என்று வைத்தால், பூமியின் வெப்பக் கதிருக்கு மட்டும் ஒரு முறை கூப்பிட்டால் 36,000 கோடி பதிவு. கட்டம் சிறுத்தால் நேரப் படியையும் சிறிதாக்க வேண்டும் என்பதால் மாடலின் மொத்த வேலை எட்டு மடங்கு பக்கம் போகும். கணினியைப் பெரிதாக்கிவிட்டு மென்பொருளைப் பழசாகவே விட்டால், வாங்கிய பலமெல்லாம் இங்கேயே கரைந்துவிடும்.

2023 டிசம்பர் 17, 18. தூத்துக்குடிக்காரர்கள் யாரும் மறக்க முடியாத தேதி. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. எங்கள் மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதை விட அதிகம். இரண்டு நாள் அம்மாவிடம் பேச முடியவில்லை. நான் மேல் மாடியிலும் தம்பி கீழ் மாடியிலும் ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு எண் மாற்றி எண் அழுத்திக்கொண்டிருந்தோம். வெளியூரில் இருக்கிற உங்களில் பலரும் அப்படித்தான் இருந்திருப்பீர்கள்.

கதிர்வீச்சு மென்பொருள் புதிதாக இருந்திருந்தால் அந்த மழையைத் துல்லியமாகச் சொல்லியிருக்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் தம்பியே அடிக்க வருவான். அது போன்ற மழை நூறு காரணம் சேர்ந்து வருவது. ஆனால் எந்த ஊரில், எத்தனை மணிக்கு, எத்தனை சென்டிமீட்டர் என்று சொல்ல நெருக்கமான கட்டம் வேண்டும், ஒன்றல்ல பல மாதிரிகளை ஓட்ட வேண்டும். இரண்டுக்கும் கணினி நேரம் வேண்டும். அந்த நேரத்தை மிச்சம் பிடித்துத் தருகிற இடங்களில் இது ஒன்று.

"அதான் ஏஐ வந்துடுச்சே, இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி. ஐரோப்பிய மையமே 2025-ல் ஏஐ முன்னறிவிப்பைத் தினசரி உபயோகத்துக்குக் கொண்டுவந்துவிட்டது, நன்றாகவும் சொல்கிறது. ஆனால் அது படித்த பாடப் புத்தகம், பல பத்தாண்டு வானிலையை இதே மாதிரி இயற்பியல் மாடல் வைத்து மறுபடி எழுதிய பதிவேடு. அந்தப் பதிவேட்டுக்குள்ளும் ஆர்.ஆர்.டி.எம்.ஜி. உட்கார்ந்திருக்கிறது. லெட்ஜர் எழுதியவரை மறந்துவிட்டு பேலன்ஸ் ஷீட்டைப் புகழ முடியாது.

கடைசியாக

பழைய கோட்-ஐச் சரி செய்கிற வேலைக்கு நம் குடும்பங்களில் மதிப்புக் குறைவு. புது ஆப் செய்தேன் என்றால் சொந்தக்காரர்களிடம் சொல்லலாம். 1997-ல் எழுதிய புரோகிராமைத் திருப்பி எழுதுகிறேன் என்றால் "ஐயோ பாவம், நல்ல வேலை கிடைக்கலையா?" என்பார்கள். சம்பளமும் பெங்களூர்க் கம்பெனிகளில் தருவதற்குப் பக்கத்தில் வராது. இந்த வேலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு ஒரு முறையாவது விட்டுவிடலாமா என்ற யோசனை வரத்தான் செய்யும்.

அவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் ஒரு வங்கிக்காரியாக நான் சொல்வது இதுதான். நாம் விதி என்று ஏற்றுக்கொண்டிருக்கும் பலவும் ஒரு காலத்தில் யாராலோ கணக்குப் போட முடியாமல் போனதன் மிச்சம். அந்தக் கணக்கைப் போட வழி செய்கிற ஆள் வந்தால்தான் அது விதி இல்லை, வெறும் இயலாமை என்று தெரியவரும். 2010 ஏப்ரலில் கோடிக்கணக்கான பாஸ்புக்குகளில் சில ரூபாய் கூடுதலாக விழுந்தபோது, அதற்குப் பின்னால் எத்தனை பேர் எத்தனை இரவு உட்கார்ந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் பணம் போய்ச் சேர்ந்தது. அது போதும்.

உங்கள் வீட்டிலோ நட்பிலோ இந்த மாதிரி வெளியே தெரியாத பழைய மென்பொருளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் இருந்தால், ரயில்வேயோ, இன்ஷூரன்ஸோ, மின்வாரியமோ எதுவானாலும் சரி, பின்னூட்டத்தில் எழுதுங்கள். அவர்கள் என்ன கணக்கைப் போட வழி செய்கிறார்கள் என்றும் கேட்டு எழுதுங்கள்.

பி.கு.: "கூடங்குளம் இல்லை, மேகத்துக்கு வட்டிக் கணக்கு எழுதுற வேலை" என்று அந்த அம்மாவிடம் சொன்னதற்கு வந்த ஒரே கேள்வி: "பென்ஷன் உண்டா?" :-)